நாலுமணிப் பூக்களின் மூணு நிமிஷம்

எப்சிபாவின் குரல் முதல் தடவையாக அவளை விட்டுப் போனது போடிநாயக்கனூர் ரேஷன் கடை வரிசையில், பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றே காலுக்கு, மண்ணெண்ணெய் டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் கார்டு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான். நாலாவது எண்ணோடு வாயிலிருந்த சத்தம் நின்றுபோயிற்று, உதடு மட்டும் மிச்ச எண்களைச் சொல்லி முடித்தது, கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார், பின்னால் நின்றவர்கள் முனகினார்கள், மூன்று நிமிடம் கழித்து ஐந்தாவது எண் தானாக வந்து வாயில் உட்கார்ந்தது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அப்படி ஏழு தடவை ஆயிற்று. கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகிறது, கடற்கரையில் வளர்ந்த பெண்ணுக்கு மலைக்காற்று சேரவில்லை என்று மாமியார் எஸ்தரம்மாள் சொல்லிவிட்டு, சுக்கு தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள்.

எப்சிபாவும் அப்படித்தான் நம்பினாள். ஊர் புதிது, வீடு புதிது, பேசுவதற்கும் அங்கே ஆள் கிடையாது. கணவர் தானியேல் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறவர், நல்ல மனுஷர், ஆனால் நாள் முழுக்க அடுத்தவர்கள் எழுதியதைக் கையில் வைத்திருந்துவிட்டு வருவதால் வீட்டில் தனக்கென்று ஒரு வார்த்தையும் மிச்சமில்லாதவர்போல இருப்பார். தூத்துக்குடியில் அவள் இருந்த இருப்பு வேறு. அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்கால் ஆபரேட்டராக ஆறு வருஷம் வேலை பார்த்தாள், காதில் ஹெட்போனை மாட்டினால் மதுரையும் மெட்ராசும் கொழும்பும் அவள் மூலமாகத்தான் பேசியாக வேண்டும், மூன்று நிமிடம் ஆனதும் உள்ளே நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசணுமா?" என்று கேட்க வேண்டும், எதிர்முனையில் அழுகிறவர்களும் சண்டை போடுகிறவர்களும் அந்தக் குரலுக்கு ஒரு நொடி அடங்குவார்கள். கொஞ்சம் தாழ்ந்த, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல் அது. கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் கேட்டது வேலையை விட வேண்டும் என்பது ஒன்றைத்தான்.

அந்த எக்ஸ்சேஞ்சில் பகல் ஷிப்ட் நாலு மணிக்கு முடியும். பின்பக்கச் சுவரை ஒட்டி அந்திமந்தாரைச் செடிகள் தானாக முளைத்துக் கிடக்கும், நாலு மணிக்குப் பூக்கிறதால் நாலுமணிப் பூ என்பார்கள், அந்தப் பூக்கிற நேரத்துக்கு ஓய்வறையில் நாலு பெண்கள் பாட ஆரம்பிப்பார்கள்: எப்சிபா, ரெஜினா, நூர்ஜகான், குருவம்மாள். பாட்டெல்லாம் குருவம்மாள் கட்டுவது. ஒட்டடைக் கம்பைத் தலைகீழாக நிறுத்தி அதுதான் மைக் என்று வைத்துக்கொண்டு நாலு பேரும் சுற்றி நெருக்கி நிற்பார்கள். எப்சிபாவின் குரல் தாழ்ந்தது என்பதால் அவள் வரி வரும்போது மற்ற மூவரும் அரையடி பின்னால் சாய்ந்து இடம் கொடுப்பார்கள், அவள் கம்பருகே குனிந்து பாடிவிட்டு விலகுவாள், மூவரும் திரும்ப முன்னால் வருவார்கள். ஒரு வருஷம் இப்படிச் சாய்ந்து சாய்ந்து அது அவர்கள் உடம்பிலேயே பழகிவிட்டது. 'மூணு நிமிஷம்' என்ற பாட்டு அப்படி உண்டானதுதான். ஒரு பெண் தூர தேசத்திலிருக்கும் தன் ஆளோடு ட்ரங்காலில் பேசுகிறாள், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் மழையையும் மாட்டையும் பற்றியே பேசி நேரத்தைப் போக்குகிறாள், நடுவில் எப்சிபாவின் குரல் வந்து, மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசணுமா என்று கேட்கிறது. துள்ளலான தாளம்தான். ஆனாலும் கேட்டு முடித்தவர்களுக்கு வீட்டுக்குக் கடிதம் எழுதத் தோன்றும்.

மெட்ராஸ் இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தபோது எப்சிபா போடிக்குப் போய்விட்டிருந்தாள். மூன்று பேர் மட்டும் ரயிலேறிப் போனார்கள், குரல் குறைகிறதே என்று குருவம்மாள் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே போனாள், ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரே மைக்கைச் சுற்றி மூவரும் நின்று பாடினார்கள். எப்சிபாவின் வரி வந்தபோது யாரும் யோசிக்காமலேயே மூவரும் அரையடி பின்னால் சாய்ந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு காதில் மாட்டியிருந்ததைக் கையால் அழுத்திக் கேட்டார், எழுந்து வந்து மூவரையும் எண்ணினார், திரும்பப் போய் உட்கார்ந்தார். ஏழு தடவை பாடவைத்தார். ஏழு தடவையும் அந்த வெற்றிடத்திலிருந்து நாலாவது குரல் ஒன்று தாழ்ந்து, நிதானமாக, மைக்குக்கு மிக அருகில் நின்று கேட்டது. கம்பெனிக்காரர்கள் கணக்குத் தெளிவானது: நாலு குரல் கேட்கிறது, ஆகவே நாலு பேர். தட்டின் உறையில் நாலு பெண்களை வரைந்தார்கள், ஒருத்திக்கு மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். மேலே 'நாலுமணிப் பூக்கள்' என்று அச்சடித்தார்கள். ஒலிப்பதிவு நடந்த வியாழக்கிழமையும் ரேஷன் கடை வியாழக்கிழமையும் ஒன்றுதான் என்பது எப்சிபாவுக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் தெரியவந்தது.

தெரியவந்தது ஒச்சம்மாளால். ஒச்சம்மாள் தெருவில் காய் விற்கிறவள். ஆவணி மாதத்தில் ஒருநாள், ஏழு மாத வயிற்றோடு எப்சிபா வாசலில் நின்று முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது குரல் போயிற்று, எதிரே தையல் கடை ரேடியோவில் புதுப் பாட்டொன்று ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் அந்த ரேடியோவிலிருந்து எப்சிபா, மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசணுமா என்றாள். ஒச்சம்மாள் ரேடியோவைப் பார்த்தாள். எப்சிபாவைப் பார்த்தாள்.

"அது ஒன் கொரலுல்லத்தா?" என்றாள்.

எப்சிபா தலையாட்டினாள்.

"சரி, முடியட்டும்" என்று ஒச்சம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது, குரல் வந்தது, பேரம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்டதும் அப்படித்தான். எங்கேயோ தட்டு சுற்றுகிறது, அந்த நேரம் குரல் அங்கே போயிருக்கிறது, ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படிப் பேச முடியும், நியாயம்தானே என்றார்கள். டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை, பாட்டின் தாளத்தைத்தான் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று அபிப்பிராயம் சொன்னார். பால்காரர் அவள் வாய் அசைவைப் படிக்கப் பழகிக்கொண்டார். சபையில் அவள் வேதபாடம் வாசிக்கும்போது நடுவில் நின்றால் போதகர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார், சபையார் அதை மௌன ஜெபத்துக்கு வைத்துக்கொள்வார்கள். எஸ்தரம்மாள் மட்டும் இதில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தாள். மருமகளைத் திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு எப்போது குரல் போகும் என்று பார்த்திருப்பாள், போன மறு நொடியே ஆரம்பித்து, மூன்று நிமிடத்துக்குள் கச்சிதமாக முடித்துவிட்டுத் திண்டுக்கல் பூட்டுப்போல வாயைச் சாத்திக்கொள்வாள்.

ஞாயிறு மதியம் வானொலியில் 'வாரத்தின் பத்து' என்று ஒரு நிகழ்ச்சி வரும். நேயர்கள் கார்டில் பாட்டின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும், எந்தப் பாட்டுக்கு அதிகக் கார்டோ அது முதலிடம். 'மூணு நிமிஷம்' முதல் வாரம் பத்தாவதாக வந்தது, அடுத்து எட்டு, அப்புறம் ஐந்து. போடியின் வானொலி ரசிகர் மன்றத்துக்குத் தலைவர் சலூன்கடை வைரவன். அவர்தான் முதலில் கவனித்தார், எப்சிபா ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாயடைத்துப் போகிறாள் என்று எண்ணினால் அடுத்த ஞாயிறு பாட்டு எத்தனாவது வரும் என்பதை வெள்ளிக்கிழமையே சொல்லிவிடலாம். மன்றத்து ஆட்கள் முறைபோட்டு அவள் வீட்டெதிரே உட்கார்ந்தார்கள். சலூன் வாசலில் சிலேட்டு ஒன்று தொங்கியது. திங்கள் பதினொன்று, செவ்வாய் பத்தொன்பது, புதன் முப்பத்திரண்டு. அவள் தண்ணீர்க் குடத்தோடு போகும்போது மரியாதையாக எழுந்து நின்று, இன்றைக்கு எத்தனை அக்கா என்பார்கள். அவள் விரலைக் காட்டுவாள். ஒருநாள் பத்து விரலையும் மூன்று தடவை விரித்துக் காட்டிவிட்டு அப்படியே கையை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் அதையும் சேர்த்து நாற்பது என்று எழுதினார்கள்.

ஐப்பசியில் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. வந்தது வந்ததுதான், இறங்கவில்லை. திருச்சியில் ஒரு டீக்கடையில் முடியும்போது சேலத்தில் ஒரு சடங்கு வீட்டில் ஆரம்பிக்கும், அது முடியும் முன்பே பழனி பஸ் ஸ்டாண்டில், காரைக்குடிக் கல்யாணத்தில், ஏதோ ஒரு காலேஜ் விடுதியில், குழாய் ரேடியோ கட்டிய ஒவ்வொரு கம்பத்தின் உச்சியிலும் எப்சிபா நின்று, இன்னும் பேசணுமா இன்னும் பேசணுமா என்று உலகத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள், வீட்டில் உப்பு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. முதலிடத்தின் இரண்டாவது வாரத்தில் வலி எடுத்தது. கத்தக்கூட முடியாமல் பெற்றாள். இப்படி ஒரு பொறுமைசாலியை இந்த ஆஸ்பத்திரி பார்த்ததில்லை என்று நர்சம்மா புகழ்ந்தார், எஸ்தரம்மாளுக்கே பெருமையாக இருந்தது. பெண் குழந்தை. ஜெமீமா என்று பெயர் வைத்தார்கள், குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்ல வேண்டியவள் தாய்தான் என்றாலும், அன்றைக்கு முகூர்த்த நாள், ஊரெல்லாம் கல்யாணம், எஸ்தரம்மாள்தான் சொன்னாள்.

தானியேல் ஒரு ரிக்கார்டு பிளேயர் வாங்கி வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அவர் கெட்ட எண்ணத்தில் வாங்கவில்லை. மனைவி பாடுவாள் என்பதே அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போது ஊரே அவளைக் கேட்கிறது, தான் மட்டும் கேட்காமல் விட்டோமே என்று அவருக்கு ஆற்றாமை. ஆபீசில் போடி ரசிகர்களின் கார்டு மூட்டையை அவரே முத்திரை குத்தி அனுப்பிவிட்டு வருவார், கைகால் கழுவிவிட்டுத் தட்டைப் போடுவார், கண்ணை மூடிக்கொண்டு மனைவியின் குரலைக் கேட்பார். மனைவி எதிரே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாய் பேசாமல் இருப்பாள். ஒருநாள் அவள் காலண்டர் தாளைக் கிழித்து, "நிறுத்துங்க, நான் இங்கதான இருக்கேன்" என்று எழுதிக் காட்டினாள். அவர் படித்தார்.

"இருக்கே. ஆனா பேச மாட்டேங்கிறியே" என்றார்.

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். எப்சிபா அந்தத் தாளை நாலாக மடித்து அடுப்பில் போட்டாள்.

இருபதாவது வாரம் ரசிகர் மன்றம் அவளுக்குப் பாராட்டு விழா எடுத்தது. மேடையில் ரோஜா மாலையோடு உட்கார வைத்தார்கள், ஆறு பேர் பேசினார்கள், ஏலக்காய் வியாபாரிகள் சார்பில் பொன்னாடை, ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் பாட்டு. கடைசியில் எப்சிபா அக்கா நன்றி சொல்வார் என்று வைரவன் மைக்கை அவளிடம் நீட்டினார், கூட்டம் தட்டிய தட்டலில் உற்சாகமாகிச் சவுண்டு சர்வீஸ்காரர் தட்டைத் திரும்ப வைத்துவிட்டார். அவள் ஒரு தாளை எடுத்து வைரவனிடம் கொடுத்தாள். கார்டு அனுப்புவதை நிறுத்துங்கள், பிள்ளையோடு பேச வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வைரவன் படித்துவிட்டு அதை மரியாதையாகச் சட்டைப்பையில் வைத்தார். இப்போது இது தனி ஆள் விஷயம் இல்லையக்கா, ஊர் மானம், நாம் நிறுத்தினால் மதுரைக்காரன் வேறு பாட்டை மேலே கொண்டுவந்துவிடுவான் என்று தணிந்த குரலில் சொன்னார். அந்த வாரம் போடியிலிருந்து போன கார்டு வழக்கத்தைவிட இரண்டு மூட்டை அதிகம்.

இவ்வளவையும் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஜெமீமாவுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது. பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தது. அம்மா எங்கே, அம்மா எங்கே என்று ஒச்சம்மாள் கொஞ்சிக்கொண்டிருந்தாள். பிள்ளை எப்சிபாவின் மடியிலிருந்து இறங்கிற்று, தரையில் கையூன்றித் தவழ்ந்து கூடத்தைக் கடந்து போயிற்று, ஸ்டூலைப் பிடித்து எழுந்து நின்று அதன்மேல் இருந்த ரேடியோப் பெட்டியின் துணியில் கன்னத்தை வைத்து, ம்மா என்றது. ஒச்சம்மாள் சிரித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். எப்சிபா எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினாள், அது திமிறிக்கொண்டு ரேடியோவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. அழாதே என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. மார்பு வெடிக்கிறமாதிரி முயன்று பார்த்தாள், வரவில்லை, ஏதோ ஊரில் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே இன்லேண்டு கடிதத்தில் குருவம்மாளுக்கு எழுதினாள். நலம் விசாரிக்கவில்லை. "குருவு, என் பிள்ளை ரேடியோவ அம்மாங்கு. நீங்க சாஞ்சு விட்ட எடத்த மூடுங்கட்டி" என்று மட்டும் இருந்தது.

கடிதம் போனபோது நாலுமணிப் பூக்களில் பாக்கி மூன்று பேரும் இரண்டாவது தட்டுக்காக மெட்ராசுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ரெஜினா வேலையை ராஜினாமா செய்ய எழுதி வைத்திருந்தாள், நூர்ஜகான் வீட்டில் கஷ்டப்பட்டுச் சம்மதம் வாங்கியிருந்தாள், சிங்கப்பூரிலிருந்துகூட அழைப்பு வந்திருந்தது. குருவம்மாள் கடிதத்தை மூன்று நாள் கையிலேயே வைத்திருந்தாள். வானொலி நிகழ்ச்சிக்கு விதி ஒன்று உண்டு: பாடியவர்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பாட்டை எடுத்துவிடுவார்கள், ஆனால் அந்தக் குழுவின் வேறெந்தப் பாட்டும் பிறகு போட்டிக்கு வர முடியாது, அந்த அவமானத்துக்குப் பிறகு எந்தக் கம்பெனியும் தட்டு அடிக்காது. நாலாம் நாள் குருவம்மாள் எழுதிக் கொடுத்தாள், தலைவி என்ற முறையில் தன் ஒரே கையெழுத்தில். அடுத்த ஞாயிறு, முப்பத்தோராவது வாரத்தில், முதலிடத்தில் வேறு ஏதோ பாட்டு இருந்தது. ரெஜினாவும் நூர்ஜகானும் அதற்குப் பிறகு குருவம்மாளோடு பேசவில்லை. ஓய்வு பெறும்வரை இருபத்தைந்து வருஷம் ஒரே இணைப்புப் பலகையில் அவளுக்கு இடமும் வலமும் உட்கார்ந்து, நாட்டிலுள்ள எல்லோரையும் ஒருத்தரோடொருத்தர் பேச வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் அவளோடு மட்டும் பேசவில்லை.

எப்சிபாவுக்குக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஊருக்கு அது பிடிக்கவில்லை. வைரவன் சிலேட்டைக் கழற்றிவிட்டார், வீட்டெதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வராமல் போனார்கள், அவள் குடத்தோடு போனால் யாரும் எழுந்து நிற்கவில்லை, ஊருக்கு வந்த பேரைக் கெடுத்தவள் என்று காதுபடச் சொன்னார்கள். பிள்ளைக்கும்தான் முதலில் பிடிக்கவில்லை. ரேடியோவில் வர வேண்டிய சத்தம் இந்த அம்மாள் வாயிலிருந்து வருகிறதே என்று பயந்து அழுதது. எப்சிபா ரேடியோப் பெட்டியின் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு ஜெமீமா, ஜெமீமா என்று கூப்பிடுவாள், பிறகு பக்கவாட்டில் தலையை நீட்டிக் கூப்பிடுவாள், பிறகு முன்னால் வந்து கூப்பிடுவாள். இரண்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் பிள்ளை பெட்டியைத் தாண்டித் தவழ்ந்து வந்து அவள் வாயில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ம்மா என்றது. தானியேல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிக்கார்டு பிளேயரைத் தட்டோடு சேர்த்துத் துண்டில் சுற்றி பீரோவுக்கு மேலே வைத்துவிட்டு வந்தார்.

எப்சிபா மன்னிப்புக் கேட்டுக் குருவம்மாளுக்கு எட்டுப் பக்கம் எழுதினாள். ஒரு கார்டில் பதில் வந்தது: "மன்னிப்பெல்லாம் நீயே வச்சுக்கட்டி. எனக்கு இங்க பேச ஆளில்ல. தெனம் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே ஒரு தடவ தட்டப் போடுவேன். அப்ப ஒன் வாய் மூடும். குருவு நெனைக்கான்னு தெரிஞ்சுக்க."

மறுநாள் நாலு மணிக்கு எப்சிபா மாவு சலித்தபடி மாமியாரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், சொல் பாதியில் நின்றது. சல்லடையைக் கீழே வைத்துவிட்டு அந்த மூன்று நிமிடமும் சும்மா உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து தன்னை ஒருத்தர் கூப்பிட்டுப் பேசுவது அதுதான் முதல் தடவை என்று அவளுக்குத் தோன்றியது.

அப்படியே வருஷங்கள் போயின. தட்டுகள் உடைந்தன, வளைந்தன, பழைய இரும்புக்குப் போயின, பாட்டை ஊர்கள் ஒவ்வொன்றாக மறந்தன, நாள் முழுவதும் அவள் தடையில்லாமல் பேசலாம் என்று ஆனது. நாலு மணி மட்டும் தவறவில்லை. அதில் ஒரு சிக்கல் உண்டு: சும்மா இருந்தால் குரல் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது, ஆகவே நாலு மணிக்கு அவள் பேசிக்கொண்டே இருந்தாக வேண்டும். எஸ்தரம்மாள் இருந்தவரை அவளோடு பேசினாள். ஜெமீமா பள்ளிக்கூடம் விட்டு வந்த காலத்தில் அவளோடு. மாமியார் போய், ஜெமீமா கல்யாணமாகி மெட்ராசுக்குப் போய், தானியேலும் போன பிறகு, மூன்றே முக்காலுக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தினசரியைச் சத்தமாகப் படிக்க ஆரம்பிப்பாள். அணை நீர்மட்டம், ஏலக்காய் விலை, காணவில்லை அறிவிப்பு என்று படித்துக்கொண்டே போவாள், நாலு மணிக்குச் சத்தம் அறுந்ததும் பேப்பரை மடியில் வைத்துக்கொள்வாள். தூத்துக்குடியில் கரண்டு இல்லாத நாளில் ஐந்து மணிவரைகூட விடாமல் படித்திருக்கிறாள். மகள் அந்த நேரத்தில் போன் பண்ணிவிட்டால், சரிம்மா, குருவு பெரியம்மா லைன்ல இருக்காங்க, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிடுவாள்.

நீங்களும் போனில் பேசிக்கொள்ளலாமே என்று ஜெமீமா கேட்டதுண்டு. அதற்கு வழியில்லாமல் போயிருந்தது. கிறிஸ்துமசுக்கு வந்த கார்டு ஒன்றில் குருவம்மாள் எழுதியிருந்தாள்: "காது சுத்தமாப் போயிருச்சுட்டி. முப்பது வருசம் ஊரான் ஹலோவக் கேட்ட காது, போதும்னு நின்னுட்டு. பாட்டு எனக்குக் கேக்காது. தட்டு சுத்துறத மட்டும் பாத்துக்கிட்டு இருப்பேன். ஊசி நடுவுல வந்ததும் எடுத்துருவேன்."

அதைப் படித்த அன்றைக்கு எப்சிபாவுக்கு அழுகை வந்தது. தனக்கே கேட்காத பாட்டை, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒருத்தி வாயடைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் தினமும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் குருவு. இங்கே ஒருத்தி வாயடைப்பதற்காகவே பேசிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேருக்கும் இந்த உலகத்தில் வேறு பேச்சுத்துணை இல்லை.

முப்பத்தைந்தாவது வருஷம், கார்த்திகை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, எப்சிபா பேப்பரை விரித்து உட்கார்ந்தாள். நாலு மணி ஆயிற்று. முல்லைப் பெரியாறு நூற்றிருபத்தாறு அடி என்று படித்தாள், சத்தம் அறவில்லை. நாலு ஐந்து. வெள்ளைப்பூண்டு விலை படித்தாள். கரண்டு இருக்காது என்று நினைத்துக்கொண்டு ஐந்து மணிவரை படித்தாள், சினிமா விளம்பரம், டெண்டர் அறிவிப்பு, வரன் தேவை எல்லாம் படித்து முடித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தாள். குரல் தெளிவாக, கணீரென்று, ஒரு பிசிறு இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. புதன்கிழமையும் வந்தது. வியாழக்கிழமையும் வந்தது. காய் கொண்டுவந்த ஒச்சம்மாளின் மகள் வாசலில் நின்று மணியைப் பார்த்துவிட்டு, என்ன பெரியம்மா, இன்னும் பேசிக்கிட்டே இருக்கீங்க என்று கேட்டாள். ஆமா, பேசிக்கிட்டே இருக்கேன் என்றாள் எப்சிபா. அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை எப்சிபா ஸ்டூலைப் போட்டு ஏறி பீரோவுக்கு மேலிருந்து துண்டு மூட்டையை இறக்கினாள். தானியேல் இருந்தவரை மாதம் ஒருமுறை பிரித்துத் துடைத்து, ஓடுகிறதா என்று தட்டில்லாமல் சுற்றவிட்டுப் பார்த்துவிட்டு வைப்பார், அவருக்குப் பிறகு அவளும் அப்படியே செய்துவந்தாள், ஒருநாளும் தட்டை வைத்ததில்லை. உறையில் நாலு பெண்களும் மங்கிப்போயிருந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள் மட்டும் அப்படியே இருந்தாள். நாலு மணிக்கு ஊசியை வைத்தாள்.

முதலில் வந்தது குருவம்மாளின் குரல். இருபத்தாறு வயசுக் குரல், மழையையும் மாட்டையும் பற்றிப் பேசியது, சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடியது. குருவு என்று கூப்பிட எப்சிபா வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை, அது தட்டுக்குள் போயிருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. மூன்று பேரும் அரையடி பின்னால் சாய்வது அவளுக்குக் கேட்டது, துணி உரசுகிற மெல்லிய சத்தம், முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்காக விட்ட இடம். அந்த இடத்திலிருந்து அவளுடைய சொந்தக் குரல் அவளைக் கேட்டது, மூணு நிமிஷம் ஆச்சு, இன்னும் பேசணுமா என்று.

ஆமாம் என்று சொல்ல அவளிடம் குரல் இல்லை. பாட்டு முடிந்து, ஊசி நடுவுக்கு வந்து கரகரத்தது. எப்சிபா அதை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள்.